மெத்தைக் கடை பாயின் பிரெஞ்சுக் கிருமி

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், உப்பளம் பகுதியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஷஹாபுதீனிடம் உடம்பு சரியில்லை என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மெத்தையை விற்றுவிடுவார். முதுகு வலி என்றால் மெத்தை சரியில்லை. கழுத்து பிடித்துக்கொண்டால் தலையணை சரியில்லை. வயிறு பொருமுகிறது என்று பேச்சுவாக்கில் சொன்ன தபால்காரரைக்கூட அவர் விடவில்லை. "படுக்கற எடம் பள்ளமா இருந்தா சோறு எப்பிடி சார் எறங்கும்?" என்று கேட்டு, நாலு அங்குல மெத்தை ஒன்றைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டார். தபால்காரர் அதைச் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு, கடிதப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தள்ளாடிப் போனதைத் தெருவே நின்று பார்த்தது.

ஐம்பத்தாறு வயது வரைக்கும் அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் தனக்காகப் போனதில்லை. தனக்கு எது வந்தாலும் அன்றைக்கே வீட்டு மெத்தையை மாற்றிவிடுவார். மனைவி பரீதாவுக்கு இது பழகிவிட்டது. "நாளைக்கு மவுத்து வந்தாலும் இந்த மனுஷன் உசுர எடுக்க வர்ற மலக்கு கிட்ட மெத்தை சரியில்லன்னுதான் சொல்வாரு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் கடையை மாலாவிடம் விட்டுவிட்டு ஷஹாபுதீன் பெத்தாங்க் ஆடப் போய்விடுவார். மாலா அந்தக் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். கடையை அவளிடம் விடுவதில் அவருக்குக் கவலை இல்லை. அவரிடம் விடுவதில்தான் அவளுக்குக் கவலை. பெத்தாங்க் என்பது ஒரு சின்ன மரக்குண்டை முன்னால் எறிந்துவிட்டு, கனத்த இரும்புக் குண்டுகளை அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி வீசுகிற ஆட்டம். யாருடைய குண்டு நெருக்கமோ அவருக்குப் புள்ளி. பாதி நேரம் வீசுவதில் போகும், மீதி நேரம் எது நெருக்கம் என்ற சண்டையில் போகும்.

அந்தச் சண்டையில் அவருக்கு எதிராளி எப்போதும் இராமதாஸ்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சட்டைப்பையில் அளவு டேப் இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டார். நடுவர், பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்குவதால் ஊரில் சொல்தா, அதாவது சிப்பாய், என்று பேர் எடுத்த பிரகாசம். அவர் தீர்ப்பைப் பிரெஞ்சில் சொல்வார். யாருக்கும் புரியாததால் அப்பீலுக்கு வழியில்லை.

பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று நின்றது. கடைசிப் புள்ளி. மரக்குண்டுக்கு இந்தப் பக்கம் ஷஹாபுதீனின் குண்டு, அந்தப் பக்கம் இராமதாஸின் குண்டு. வாத்தியார் டேப்பை நீட்டி அளந்து, தன்னுடையது அரை சென்டிமீட்டர் நெருக்கம் என்றார்.

"மண்ணு மறைக்குது வாத்தியாரே. நடுவுல இருக்கற மண்ண எடுத்துட்டு அளங்க."

"கை வெச்சா குண்டு நகந்துடும் பாய்."

"கை எதுக்கு? ஊதுனா போச்சு."

சொன்னதோடு நிற்காமல் ஷஹாபுதீன் தரையில் குப்புறப் படுத்தார். மாடுகள் பகலெல்லாம் படுத்து எழுந்துபோகும் மண் அது. கன்னத்தை அதில் வைத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் குண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து ஊதினார். எதிரே இருந்தது இரும்புக் குண்டு. போன காற்று அதில் முட்டி, போன வேகத்திலேயே மண்ணையும் அள்ளிக்கொண்டு ஊதியவர் கண்ணுக்குத் திரும்பி வந்தது.

"யப்பா!"

"கண்ணக் கசக்காதீங்க பாய்!" என்று இராமதாஸ் ஓடிவந்தார்.

"கண்ணு கெடக்கட்டும், பாய்ண்ட்டு யாருக்கு?"

பிரகாசம் குனிந்து பார்த்தார். ஒரு மனிதன் கண்ணைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரளும்போது அளவு டேப்பை மதிப்பது தர்மமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிரெஞ்சில் ஏதோ சொல்லி ஷஹாபுதீனின் கையைத் தூக்கிவிட்டார். இராமதாஸ் நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை.

வீட்டுக்குப் போய்த் தண்ணீரில் கழுவியதும் உறுத்தல் போய்விட்டது. பத்து நாள் கழித்துத்தான் கண் சிவந்தது.

"இன்னாங்க இது, கண்ணு செம்பருத்திப் பூ மாதிரி கெடக்கு?" என்றாள் பரீதா.

"மெட்ராஸ் ஐ. ஊரெல்லாம் இருக்கு."

"ஊருல ஒருத்தருக்கும் இல்ல. நான் விசாரிச்சுட்டேன்."

கண்ணுக்கும் மெத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று ஷஹாபுதீன் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அமையவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட. பிறகு மருந்துக் கடைக்குப் போய், "செவப்பு ஒடனே போகணும், நல்லா சுருக்குன்னு ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். சிவப்பு உடனே குறைந்தது. "பாத்தியா? இதுக்குப் போயி டாக்டரு" என்று பரீதாவிடம் கண்ணை விரித்துக் காட்டினார்.

அதற்கப்புறம் நான்கைந்து நாளில் சிவப்பு பழையபடி திரும்பியதோடு வலியையும் கூட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் பட்டால் ஊசி குத்தியது. கண் தண்ணீராய் ஊற்றியது. ஷஹாபுதீன் மருந்தை இரண்டு மடங்காக்கினார். கல்லூரிக்குப் போகும் மகள் ஃபரீஹாவின் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அது இரண்டு ஓரத்திலும் பூனைக் காது போல மேலே தூக்கியிருக்கும் கண்ணாடி. வாடிக்கையாளர்கள் வாயைப் பொத்திக்கொண்டு விலை கேட்டார்கள்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை கடை வாசலில் யாரோ வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. நல்ல உயரம், நல்ல பருமன், பூப்போட்ட உடுப்பு.

"வாங்கம்மா வாங்க, வெயில்ல ஏன் நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க."

அம்மா அசையவில்லை.

"கூச்சப்படாதீங்க. இது உங்க கடை மாதிரி. எத்தினி பேரு படுக்கணும் சொல்லுங்க, ஒருத்தரா, ரெண்டு பேரா?"

மாலா உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். முதலாளி யாரிடம் பேசுகிறார் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"மொதலாளி."

"இரு மாலா, கஸ்டமரு கிட்ட பேசிட்டு இருக்கேன்."

"மொதலாளி, அது நாமதான் காலைல வெயில்ல சாச்சு வெச்சோம். ஆறடிக்கு மூணடி மெத்த."

ஷஹாபுதீன் வாசலுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார். மெத்தைதான். உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். மாலா பின்பக்கம் போய்ப் பரீதாவுக்குப் போன் செய்தாள். அரைமணி நேரத்தில் பரீதா வந்தாள். கணவரின் கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றினாள்.

அது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி. கண் பிரிவில் அவர்களைப் பார்த்தது கவிநிலா என்ற மேல்படிப்பு டாக்டர். கருவியின் முன் அவர் தாடையை வைக்கச் சொல்லி, வெளிச்சத்தைக் கண்ணில் அடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்ன மருந்து ஊத்துனீங்க?"

ஷஹாபுதீன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். கவிநிலா அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"அது பாதி இருக்கும்மா!"

"ஐயா, இது ஸ்டீராய்டு. உங்க கண்ணுல கிருமி இருக்கு. இத ஊத்தறது, திருடன் பூந்த வீட்டுல காவக்காரனுக்குத் தூக்க மாத்திரை குடுக்கற மாதிரி. செவப்பு போயிடும், திருடன் சவுரியமா இருப்பான். கருவிழியில புண்ணு இருக்கு. மேலாப்புல கொஞ்சம் சுரண்டி எடுத்து டெஸ்ட் பண்ணணும்."

"சுரண்டறதுக்கு என் கண்ணு இன்னா லாட்டரி சீட்டா?"

"ஏங்க, சும்மா இருங்க" என்றாள் பரீதா.

மரத்துப்போகும் சொட்டு ஊற்றிச் சுரண்டினார்கள். வலிக்கவில்லை. பிறகு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஷஹாபுதீன் தன்னுடைய நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, சுரண்டிய கண்ணால் பக்கத்தில் பார்த்தார். பரீதா இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மூட்டை ஒன்று இருந்தது. முப்பது வருடமாகப் பஞ்சு மூட்டையோடு பிழைத்தவருக்கு அன்றைக்குத்தான் அதைத் தொடத் தயக்கமாக இருந்தது. கையை மெல்ல நீட்டினார். பஞ்சு மூட்டை அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"பயமா இருக்கா?" என்றது.

"பயமா? எனக்கா?" என்றவர் கையை மட்டும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ ஆரவாரம். கவிநிலா வேகமாக வந்தாள். இவ்வளவு நேரம் கடுகடுவென்று இருந்த முகத்தில் இப்போது சிரிப்பு வழிந்தது.

"ஐயா, கிருமி தெரிஞ்சிடுச்சு. நொக்கார்டியா! நான் இதுவரைக்கும் புத்தகத்துலதான் பாத்திருக்கேன். ரொம்ப அபூர்வம். கண்ணுக்கு இது வர்றது ரொம்பக் கம்மி. பாக்க பூஞ்சை மாதிரியே இருந்து ஏமாத்தும், ஆனா இது பாக்டீரியா. மண்ணுல இருக்கும்."

"பார்வை போயிடுமா?" என்றார் ஷஹாபுதீன். அவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

கவிநிலா சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த மருந்தையே இன்னும் ரெண்டு வாரம் ஊத்திட்டு இருந்தீங்கன்னா சொல்லியிருக்க முடியாது. புண்ணு நடுவுக்கு வரல, ஓரமாத்தான் இருக்கு. இதுக்குத் தனி மருந்து இருக்கு. முழிச்சிருக்கற நேரமெல்லாம் மணிக்கு ஒரு வாட்டி ஊத்தணும். ஒழுங்கா ஊத்துனா சரியாயிடும்."

பரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அபூர்வமா? ஒரு சாதாரணக் கிருமிகூடவா உங்களுக்குக் கெடைக்கல?" என்று கணவரைக் கேட்டாள்.

அதற்குள் வெள்ளைக் கோட்டுகள் வந்துவிட்டன. முதலில் நாலு பேர், பிறகு பத்து, பிறகு வராந்தா வரைக்கும் வரிசை. ஒவ்வொருவராகக் கருவியில் கண்ணை வைத்து ஷஹாபுதீனின் கண்ணைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் "ஹா" என்றார்கள்.

"சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியா, வட்டமா இருக்கு பாருங்க" என்று கவிநிலா விளக்கினாள். "பூ தொடுத்த மாதிரி. இந்த மாலைதான் அடையாளம். புத்தகத்துல இருக்கற படத்தவிட இவரு கண்ணுல நல்லா இருக்கு."

ஷஹாபுதீனின் முதுகு நிமிர்ந்தது. பதினோராவது மாணவர் வந்தபோது, "அவசரப்படாம பாருங்க தம்பி. மாலை கீழ்ப்பக்கமா இருக்கும்" என்று தானே வழிகாட்டினார். வரிசை முடிந்த பிறகும் தாடையை எடுக்கவில்லை. "இன்னும் யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லை. கண்ணில் பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொண்டு உப்பளம் மைதானத்துப் பக்கம் போய் நின்றார்.

"நொக்கார்டியா" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "லட்சத்துல ஒருத்தருக்கு வரும். இந்த ஊருல எனக்கு வந்திருக்கு."

லட்சக் கணக்கு அவராகச் சேர்த்தது. ஆனால் சொல்தா பிரகாசம் பெயரைக் கேட்டதும் இரும்புக் குண்டைக் கீழே வைத்தார்.

"நொக்கார்! அது பிரான்ஸ் பேரு. எங்க ரெஜிமெண்ட்ல நொக்கார்னு ஒரு கப்ரால் இருந்தான். பாய், உன் கண்ணுல இருக்கறது நம்ம நாட்டுக் கிருமி இல்ல. பிரெஞ்சுக் கிருமி."

"அப்படியா சொல்ற?"

"மத்தவங்களுக்கெல்லாம் மெட்ராஸ் ஐ. உனக்கு பிரெஞ்சு ஐ. நாடு சொதந்திரம் அடைஞ்சும் அவன் உன் கண்ணுல குடியிருக்கான்யா. கேட்டா பென்சனே குடுப்பான்."

ஷஹாபுதீன் அன்றிலிருந்து அந்தப் பெயரை மூக்கால் சொல்லத் தொடங்கினார். பழைய வாடிக்கையாளர்கள், பள்ளிவாசலில் செருப்பு விடும் இடத்தில் சந்திக்கிறவர்கள், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்று ஒருவர் பாக்கியில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கவிநிலாவிடமே, "கிருமி பிரான்சாமே?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா. நொக்கார்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சது."

"பாத்தியா?" என்று பரீதாவைப் பார்த்தார்.

"பெரிய டாக்டராம்மா அவரு?" என்றாள் பரீதா.

"மாட்டு டாக்டர். மொதல்ல மாட்டுக்கு வந்த நோயிலதான் கண்டுபிடிச்சார்."

பரீதா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. பஸ்ஸில் உப்பளம் வரும் வரைக்கும் சிரித்தாள். இறங்கும்போது, "வைக்கோல் வாங்கணுமா, இல்ல வீட்டுல இருக்கற சோறே போதுமா?" என்று கேட்டாள். மாட்டு டாக்டர் விஷயம் மட்டும் மைதானத்துக்குப் போகாமல் ஷஹாபுதீன் பார்த்துக்கொண்டார்.

மணிக்கு ஒரு சொட்டு என்பது சாதாரண வேலை இல்லை. ஊற்ற வேண்டும், ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுக்க வேண்டும், மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். ஃபரீஹா அவருடைய போனில் மணிக்கு ஒரு முறை சேவல் கூவும்படி வைத்துக் கொடுத்தாள். கடையில் சேவல் கூவினால் ஷஹாபுதீன் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, காட்சிக்கு விரித்திருக்கும் மெத்தையில் ஏறி மல்லாந்து படுப்பார். மாலா ஐஸ் டப்பாவைத் திறந்து மருந்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

"மேல பாருங்க மொதலாளி. மேலன்னா ஃபேன. என் மூஞ்சிய இல்ல."

ஒரு நாள் கடலூரிலிருந்து கொளஞ்சி என்பவர் மகள் கல்யாணத்துக்கு மெத்தை வாங்க வந்திருந்தார். கூடவே மனைவி, மைத்துனர், கல்யாணப் பெண். கொளஞ்சி எதையும் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. எட்டு மெத்தையை அமுக்கிப் பார்த்து எட்டையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஷஹாபுதீன் ஒன்பதாவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது சேவல் கூவியது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அந்த ஒன்பதாவது மெத்தையிலேயே ஏறிப் படுத்துவிட்டார். மாலா சொட்டு விட்டாள். அவர் கண்ணை மூடினார். இரண்டாவது நிமிடம் குறட்டை வந்தது.

கொளஞ்சி கைகட்டி நின்று பார்த்தார். குறட்டை ஒரே சீராக இருந்தது.

"இவரு நெசமாவே தூங்கறாராம்மா?"

"ஆமாங்க" என்றாள் மாலா.

"யாவாரம் பேசிட்டு இருக்கும்போதேவா?"

"அந்த மெத்த அப்படிங்க."

"எங்களுக்கு இதத்தான் கட்டுங்க."

"இதே மாதிரி புதுசு உள்ள இருக்கு, தரேன்."

"வேணாம். இவரு படுத்திருக்காரு பாருங்க, அதான் வேணும்."

மாலா எழுப்பிப் பார்த்தாள். முதலாளி எழுந்திருக்கவில்லை. கடைசியில் கொளஞ்சி தலைப்பக்கமும் மைத்துனர் கால்பக்கமும் பிடித்து, ஷஹாபுதீனைப் பக்கத்து மெத்தைக்கு உருட்டிவிட்டு, அடியில் இருந்ததைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். விழித்துப் பார்த்தபோது தான் ஏன் இலவம்பஞ்சு மெத்தையில் இருக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. விஷயம் தெரிந்ததும் அன்று முழுக்க ஒவ்வொரு சேவலுக்கும் வேறு வேறு மெத்தையில் படுத்துப் பார்த்தார். எதுவும் விற்கவில்லை. "தூங்கற மாதிரி நடிச்சா தெரிஞ்சிடும் மொதலாளி" என்றாள் மாலா.

மருந்து வேலை செய்தது. ஆறாவது வாரத்தில் வலி இல்லை. வெளிச்சத்தைப் பார்க்க முடிந்தது. மாலையின் புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டே வந்தன. ஆஸ்பத்திரியில் வரிசையும் குறைந்தது. போன வாரம் ஆறு பேர் பார்த்தார்கள், இந்த வாரம் இரண்டே பேர். அதில் ஒருவர் வழி தவறி வந்தவர். ஷஹாபுதீனுக்குச் சந்தோஷமும் துக்கமும் சரிபாதியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு காலையில் இராமதாஸ் கடைக்கு வந்தார். வலது கண் சிவந்து, இமை வீங்கி, பீளை தள்ளியிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு களை.

"பாய், எனக்கும் வந்துடுச்சு."

"என்னா வந்துடுச்சு?"

"நொக்கார்டியா. நானும் அதே மண்ணுலதான ஆடறேன்? அதே குண்டத்தான தொடறேன்?"

ஷஹாபுதீனுக்குத் திக்கென்றது. ஒரே தெருவில் இரண்டு பேருக்கு வந்தால் அப்புறம் அதில் என்ன அபூர்வம் இருக்கிறது? அதுவும் இந்த வாத்தியாருக்கு! "வாத்தியாரே, அது எல்லாருக்கும் வராது. மண்ணுல படுத்து ஊதணும்" என்றார்.

"நீங்க ஊதுனப்ப எதுத்தாப்புல நான்தான நின்னேன்?"

மறுநாள் இரண்டு பேரும் ஒன்றாகவே பஸ் ஏறினார்கள். ஒருவரை நம்பி ஒருவர் தனியாக விடத் தயாராக இல்லை. கவிநிலா இராமதாஸின் கண்ணைக் கருவியில் பார்த்தாள். முப்பது வினாடிகூட ஆகவில்லை.

"மெட்ராஸ் ஐ."

"நல்லாப் பாருங்கம்மா" என்றார் இராமதாஸ்.

"பாத்துட்டேன் சார். சாதாரண மெட்ராஸ் ஐ. அஞ்சாறு நாள்ல தானா சரியாயிடும்."

"ஓரத்துல மாலை மாதிரி ஏதாச்சும்... சின்னதா இருந்தாலும் பரவால்ல."

"மாலையும் இல்ல, மணியும் இல்ல. யாரையும் தொடாம இருங்க, கைய அடிக்கடி கழுவுங்க."

"சுரண்டிப் பாத்தா தெரியுமோ?"

"சார், வெளிய முப்பது பேரு நிக்கறாங்க."

இராமதாஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவர் முட்டை வாங்கிக்கொண்டு வந்தது போல இருந்தது. பார்த்ததும் ஷஹாபுதீனின் மனம் வெற்றியில் பொங்கி, பொங்கிய வேகத்தில் இரக்கமாக மாறிவிட்டது. ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

"விடுங்க வாத்தியாரே, கவலப்படாதீங்க. மெட்ராஸும் நல்ல ஊருதான்!"

இராமதாஸ் விசும்பி மூக்கை உறிஞ்சினார். ஷஹாபுதீன் தன் கைக்குட்டையை எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு அதே கைக்குட்டையால், சந்தோஷத்தில் ஈரமாகியிருந்த தன்னுடைய இடது கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை இடது கண் செம்பருத்தியாக இருந்தது.

"இப்ப இது எந்த நாட்டுக் கிருமிங்க?" என்றாள் பரீதா.

அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கவிநிலா பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி அதிரத் திட்டினாள். ஆறு வாரம் பாடுபட்டுத் தேற்றிய கண்ணுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு வேலையா என்று கேட்டாள். வலது கண்ணுக்குத் தனி மருந்து, தனித் துணி, இடது கண்ணுக்குத் தனித் துணி, கடைக்கு ஒரு வாரம் போகக்கூடாது, யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். கடைசி விதியைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டாள். ஷஹாபுதீன் ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வாரத்தில் மாலா கடையில் வழக்கத்தைவிட மூன்று மெத்தை அதிகமாக விற்றாள்.

மே மாதக் கடைசியில் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். வலது கருவிழியின் கீழ் ஓரத்தில் மெல்லிய வெள்ளைத் தழும்பு ஒன்று நின்றுவிட்டது. எழுத்துப் பலகையில் கடைசி வரி மட்டும் கொஞ்சம் தடுமாறியது. "அந்த வரியப் படிக்கச் சொல்லி யாரு கேக்கப் போறாங்க?" என்றார் ஷஹாபுதீன். கவிநிலா அந்தக் கண்ணைப் பெரிதாகப் படம் எடுத்துக்கொண்டாள். படத்தில் முகம் வராது என்று தெரிந்ததும், மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்திருந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். ஆனால் மழைக்காலம் தொடங்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கண் டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு இறுதிப் பரீட்சை. நோயாளிகளை உட்காரவைத்து, மாணவர்களைப் பார்க்கச் சொல்லி, என்ன நோய் என்று கேட்பார்களாம். அவர் வர முடியுமா?

ஷஹாபுதீன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தார். துணைக்குப் பரீதா.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு" என்றாள் கவிநிலா. "எப்ப வந்துச்சு, எப்படி இருந்துச்சு, எல்லாம் சொல்லலாம். நோய் பேரு மட்டும் உங்க வாயில வரக்கூடாது."

"வாயே தொறக்க மாட்டேம்மா."

முதலில் வந்த பையன் பெயர் பிரேம்குமார். விசிறிக்குக் கீழே நின்றும் சட்டை நனைந்திருந்தது. மண் விழுந்தது, சிவந்தது, ஸ்டீராய்டு ஊற்றியது, தழும்பு இருப்பது எல்லாவற்றையும் சரியாகக் கேட்டு, சரியாகப் பார்த்து எழுதிக்கொண்டான். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சரி, எந்தக் கிருமி?" என்றார்.

"பூஞ்சை சார்."

ஷஹாபுதீன் இருமினார்.

பிரேம்குமார் அவரைப் பார்த்தான். பரீட்சகரும் பார்த்தார். "தொண்டை கரகரப்பு" என்றார் ஷஹாபுதீன்.

"பூஞ்சை மாதிரி... ஆனா பூஞ்சை இல்லாத... பாக்டீரியா சார்."

இருமல் இல்லை.

"எந்த பாக்டீரியா?"

"சூடோமோனாஸ்?"

இருமல்.

"நிமோனியாவுல வருமே, அந்த..."

பெரிய இருமல். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. பையன் கண்ணை மூடினான். எங்கோ தூரத்திலிருந்து அந்தப் பெயர் மெல்ல அவன் வாய்க்கு வந்தது.

"நொ... நொக்கார்டியா?"

"மாஷா அல்லாஹ்!" என்று ஷஹாபுதீன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

பரீட்சகர் பேனாவை மேசையில் வைத்தார். "இந்த நோயாளியை வெளியே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வராந்தா பெஞ்சில் பரீதா எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அவர் பங்கு ஊறுகாயையும் தானே எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கவிநிலா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கோபப்பட வேண்டும் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தவள் பாதி வழியிலேயே தோற்றுப்போய்ச் சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"அந்தத் தம்பி பாஸாம்மா?" என்றார் ஷஹாபுதீன், சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு.

"அவருக்கு வேற கேஸ் குடுத்து மறுபடியும் கேக்கறாங்க. ரிசல்ட் வந்தாதான் தெரியும்."

"அப்ப நான்?"

"நீங்க ஃபெயில் ஐயா."